சியாஸ்தா கணவாயின் இரண்டு பக்கங்கள்

போர்னெத்தோ
செப்டம்பர் 21, 2012

அன்புள்ள மகன் ஈவோவுக்கு,

நீயும் ஹானாவும் குட்டி எலியோவும் அங்கே சளி, காய்ச்சல் ஒன்றுமில்லாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இங்கே நானும் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம். சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை, காரணம் கீழே வருகிறது. போனில் சொல்லாமல் என்ன கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்திலேயே வந்து நிற்கிறாள், உன் குரலோ அடுத்த வீடுவரை கேட்கிறது, அப்புறம் நான் எதைச் சொல்வது. இப்போது அவள் மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் நம் துண்டு நிலத்தில் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருக்கிறாள், மதியச் சாப்பாட்டுக்குத்தான் வருவாள். அதற்குள் எழுதி, காப்பிக்கடை பியேராவிடம் கொடுத்துவிட வேண்டும். அவள் கீழே டவுனுக்குப் போகும்போது தபாலில் போடுவாள். நம் ஊர்ப் பெட்டியில் போட முடியாது. அம்மாவின் வேலைக்கு இப்போது வந்திருக்கும் பெண் உறையைப் பார்த்த உடனே ஓடிவந்து அவளிடம் சொல்லிவிடும். முப்பத்தைந்து வருஷம் இந்தப் பள்ளத்தாக்கு முழுக்கக் கடிதம் கொடுத்தவள், அவளுக்குத் தெரியாமல் இந்த ஊரிலிருந்து ஒரு கடிதம் கிளம்புவதே கஷ்டமாக இருக்கிறது.

முதலில் உன்மேல் இருக்கும் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். மே மாதம் அம்மா ஓய்வு பெற்றதற்கு நீ ஒரு சால்வை அனுப்பியிருக்கலாம், ஒரு நல்ல நாற்காலி அனுப்பியிருக்கலாம். சைக்கிள் வாங்கி அனுப்ப உனக்கு யார் சொன்னது. அந்தப் பெட்டியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள், நான் ஏதோ புது அடுப்பு என்று நினைத்துச் சமையலறையில் இடம் ஒதுக்கிவைத்தேன். பிரித்தால் இருபத்தேழு கியர், தடித்த டயர், ஒரு ஹெல்மெட். உன் அம்மாவுக்கு அறுபத்து மூன்று வயது. அவள் அதைப் பார்த்து அழுதாள், உனக்கு அது தெரியாது, உனக்குப் போட்டோ எடுத்து அனுப்பும்போது முகத்தைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டாள். எனக்கு என்ன ஆசை இருந்தது தெரியுமா ஈவோ. முப்பத்திரண்டு வருஷம் லோத்தா கணவாய்ச் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டினேன். நான் வேலை முடிந்து வந்து படுக்கும்போது அவள் தபால் பையோடு கிளம்பிவிடுவாள். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்ட மதியங்களை ஞாயிற்றுக்கிழமை தவிர்த்து விரல் விட்டு எண்ணலாம். அவள் வேலையை விட்டதும் பன்னிரண்டரை மணிக்கு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடலாம், கொஞ்ச நேரம் சீட்டு ஆடலாம், இவ்வளவுதான் நான் எதிர்பார்த்தது. கிடைத்தது என்ன, மூடிவைத்த தட்டும் அதன்மேல் ஒரு துண்டுச் சீட்டும். களி அடுப்பில், பாலாடைக்கட்டி ஜன்னலில், நான் மாலைக்குள் வந்துவிடுவேன்.

பெட்டி வந்த வாரமே நாட்காட்டியின் பின்பக்கத்தில் பென்சிலால் ஒன்பது பெயர் எழுதினாள். நம் பள்ளத்தாக்கைச் சுற்றி இருக்கும் ஒன்பது கணவாய்கள். சாலை இருப்பதைச் சைக்கிளில், ஒற்றையடிப் பாதை மட்டும் இருப்பதை நடந்து, எல்லாவற்றையும் பனி விழுவதற்குள் ஏறி மறுபக்கம் இறங்க வேண்டுமாம். எதற்கு நீவெஸ் என்று கேட்டேன். “முப்பத்தஞ்சு வருஷம் கீழே இருந்து அண்ணாந்து பார்த்துட்டே நடந்தேன் எத்தோரே, அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு ஒரு நாளாவது போய்ப் பார்த்தேனா” என்றாள். அந்தப் பக்கம் என்ன இருக்கும், இந்தப் பக்கம் இருப்பதுதான், கல்லும் காற்றும், கீழே போனால் பிரெஞ்சு பேசும் நாலு பேர். சொன்னேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதலில் லோத்தா. அது தார்ச்சாலை, நான் பிறந்ததிலிருந்து ஒவ்வொரு அங்குலமும் தெரிந்த சாலை, அதனால் அவள் ஏறும்போது பின்னாலேயே காரில் மெதுவாகப் போய் ஜன்னல் வழியே சொல்லிக்கொண்டே வந்தேன். இந்த வளைவில்தான் எழுபத்தெட்டில் சரக்கு லாரி விழுந்தது, இந்த வளைவில்தான் அந்த ரெண்டு பனிச்சறுக்குப் பையன்களைத் தோண்டி எடுத்தோம், இங்கே ஓரமாகப் போகாதே, கல் உருளும் இடம். ஏழாவது வளைவில் அவள் சைக்கிளை நிறுத்திவிட்டாள். மூச்சு வாங்க நிறுத்தினாள் என்றுதான் நினைத்தேன். “உனக்கு ஒவ்வொரு வளைவுலயும் ஒரு பிணம் கிடக்கு. எனக்கு ஒண்ணையாவது வெறும் வளைவா பார்க்க விடேன். முன்னாடி போ, அந்தப் பக்கம் கீழே போய் இரு, வந்துடறேன்” என்றாள். போனேன். கடைசி இரண்டு கிலோமீட்டரை இறங்கித் தள்ளிக்கொண்டே ஏறினாளாம். மறுபக்கத்தில் நான் ஒன்றரை மணி நேரம் காரில் உட்கார்ந்திருந்தேன். காற்றில் முடியெல்லாம் பறக்க அவள் இறங்கி வந்தபோது என்னைத் தாண்டி நாற்பது மீட்டர் போய்தான் பிரேக் பிடித்தாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட், மூன்று மாதமும் என் வேலை அதுதான், மலையைச் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கத்தில் காத்திருப்பது. இடுப்பு வலியோடு, நம் பழைய வெள்ளைக் காரில், ப்ளாஸ்கில் சூப்பும் பின்சீட்டில் போர்வையுமாக. பியேரா கடையில் எல்லோரும் வாயைத் திறந்துவிட்டார்கள். “என்ன எத்தோரே, இன்னிக்கு எந்தப் பக்கம் டூட்டி? பொண்ணு பள்ளிக்கூடம் விட்டு வர்ற நேரமாச்சா?” என்று பியேராவே கேட்பாள். அவள் கேட்டால் பரவாயில்லை, கையில் காப்பியைக் கொடுத்துவிட்டுத்தான் கேட்பாள். உன்னிடம் போனில் புலம்பினேன், நினைவிருக்கும். நீ என்ன சொன்னாய், “போகட்டும் விடுங்கப்பா, அம்மாவுக்கு வேற என்ன இருக்கு” என்று. அதை நீ யோசித்துச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வார்த்தை பத்து நாள் என்னோடு காரில் உட்கார்ந்து வந்தது. வேறு என்ன இருக்கிறது என்றால், நான் இருக்கிறேன். இதைத் தகப்பன் மகனிடம் எழுதக் கூடாது, எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

அவள் சந்தோஷமாக இருந்தாள், அதை மறைக்க மாட்டேன். கறுத்துப்போனாள், சாப்பாடு இரட்டிப்பாயிற்று, ராத்திரி படுத்தால் அசைவதில்லை. வாக்கா கணவாயில் ஜூலை மாதத்திலும் ஏரி பாதி உறைந்திருந்ததாம், ஓரத்தில் நீலமாக ஒரு கோடு மட்டும் தண்ணீராம், அதைச் சொல்லும்போது விரலால் மேஜையில் வரைந்து காட்டினாள். ஓடை குறுக்கிட்ட இடத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு தாண்டினாளாம். நகரத்திலிருந்து வந்த ஒருவன் கையில் இரண்டு கம்புகளோடு பாதையை மறித்து, இது நடப்பவர்களுக்கான வழி, சைக்கிளுக்கு இல்லை என்றானாம். “தம்பி, முப்பத்தஞ்சு வருஷம் இந்தப் பள்ளத்தாக்குல நடந்தாச்சு. இன்னிக்கு ஒரு நாள் உருட்டிக்கிறேன், தள்ளி நில்லு” என்று சொல்லிவிட்டு வந்தாளாம். இதையெல்லாம் நான் சிரிக்காமல் கேட்டேன். சிரித்தால் அடுத்த வாரம் இன்னும் உயரமான கணவாய்க்குப் போவாள் என்று பயம். இப்போது யோசித்தால் ஒரு தடவையாவது சிரித்திருக்கலாம்.

ஆகஸ்ட் முடிவதற்குள் ஏழு முடிந்தது. எட்டாவது சியாஸ்தா. அது உனக்குத் தெரியும், பழைய ராணுவச் சாலை, தார் கிடையாது, சரளைக்கல், தடுப்புச் சங்கிலிக்கு அப்பால் வண்டி போகக் கூடாது. செப்டம்பர் ஆறாம் தேதி வியாழக்கிழமை போவதாகச் சொன்னாள். எனக்கு முந்தின வாரமே இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது, டாக்டர் மஸ்ஸா படம் எடுத்துப் பார்த்து, மூட்டு தேய்ந்து எலும்பும் எலும்பும் உரசுகிறது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று சொல்லியிருந்தார். அதை நான் அம்மாவிடம் முழுசாகச் சொல்லவில்லை. அந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது. காலையில் காப்பி குடிக்கும்போது, மேகம் சரியில்லை, இன்றைக்கு வேண்டாம் என்றேன். “நீ சரியா இருக்குன்னு சொன்ன மேகத்தை நான் இன்னும் பார்க்கலை” என்றாள். நான் கோப்பையை வைத்த வேகத்தில் தட்டு உடைந்தது. “போ. எங்கே வேணும்னாலும் போ. இந்தத் தடவை நான் வர்றதா இல்லை. அந்தப் பக்கம் இறங்கி யாரு நிக்கிறாங்கன்னு பார்த்துக்கோ” என்றேன். அவள் உடைந்த தட்டைப் பெருக்கி எடுத்துவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏழு மணிக்குக் கிளம்பிவிட்டாள்.

நான் போகவில்லை ஈவோ. மற்ற ஏழு தடவையும் திட்டிக்கொண்டே போனவன், அன்றைக்கு நிஜமாகவே போகவில்லை. விறகு பிளந்தேன். இடுப்பு வலிக்க வலிக்கப் பிளந்தேன், வலித்தால் அவளால்தான் வலிக்கிறது என்று ஒரு திருப்தி. பன்னிரண்டு மணிக்கு மூடுபனி இறங்க ஆரம்பித்தது. சியாஸ்தா பக்கம் முதலில் முகடு மறைந்தது, பிறகு காடு, ஒரு மணிக்கு நம் வீட்டு வேலிகூடத் தெரியவில்லை, அதோடு ஆலங்கட்டி. விறகை அப்படியே போட்டுவிட்டுப் பியேரா கடைக்குப் போய், அந்தப் பக்கத்து ஊரான வில்லாரில் யாராவது பார்த்தார்களா என்று விசாரிக்கச் சொன்னேன். அவளுக்குத் தெரிந்த நம்பரில் யாரும் எடுக்கவில்லை, அம்மாவின் போனுக்கோ மலையில் சிக்னல் இல்லை. வில்லாருக்குக் காரில் சுற்றிப்போனால் இரண்டரை மணி நேரம். இந்தப் பக்கமாக ஏறினால் வழியில் எங்காவது விழுந்து கிடந்தால் பார்க்கலாம் என்று என் மூளைக்குப் பட்டது. இரண்டு மணிக்குக் காரை எடுத்துச் சங்கிலிவரை போனேன், அங்கிருந்து நடந்தேன். நீ வாங்கிக் கொடுத்த மொபைல் போன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது, அது எனக்குச் சங்கிலியைத் தாண்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஆறு கிலோமீட்டர். நல்ல காலத்தில் ஒன்றரை மணியில் ஏறியிருப்பேன். விறகுக் குவியலில் எடுத்த ஒரு கட்டையை ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் ஓரத்துக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்துப் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு போனேன். மூடுபனியில் நம் குரல் நம் முகத்திலேயே வந்து முட்டும், அது உனக்கு நினைவிருக்காது. முக்கால் வழியில் ஆட்டுக்காரன் கோஸ்தெல்லின் குடிசை. ருமேனியாக்காரன், பன்னிரண்டு வருஷமாகக் கோடைக்கு இங்கேதான் ஆடு மேய்க்கிறான். அவன் நாய்கள் என்னைக் குடிசைக்குள் விடவில்லை, அவன் வெளியே வந்து, “அம்மா காலைல பத்து மணிக்கே மேலே போயாச்சு. கையாட்டினாங்க. நீங்க ஏன் இந்தக் காலோட ஏறுறீங்க, திரும்பிப் போங்க” என்றான். நான் திரும்பவில்லை. ஐந்து மணி சுமாருக்குக் கணவாய் உச்சியைத் தொட்டேன். எல்லைக்கல்லில் சாய்த்துச் சைக்கிள் நின்றது. கீழே விழுந்து கிடக்கவில்லை, ஒழுங்காகச் சாய்த்து, சீட் நனையாமல் அவளுடைய பிளாஸ்டிக் மழைக்கோட்டு அதன்மேல் கட்டியிருந்தது. அவள் இல்லை.

மறுபக்கம் எட்டிப் பார்த்தேன். சாலையைக் காணோம். மழையில் மலைச்சரிவு அறுத்துக்கொண்டு போய், இருபது முப்பது மீட்டருக்குச் சாலை இருந்த இடத்தில் வெறும் பொடிக்கல் சரிவு, அதன் அடி தெரியவில்லை, வெள்ளையாகப் புகை. அந்தச் சரிவில் கால்தடம் கீழே போகிறது. அவள் கால்தடம். நான் முப்பத்திரண்டு வருஷம் மலையில் வேலை பார்த்தவன், தடத்தை நிதானமாகப் படிக்கத் தெரிந்தவன், ஆனால் அன்றைக்கு எனக்கு அந்தத் தடத்தின் அடியில் அவள் கிடப்பது மட்டும்தான் தெரிந்தது. யாரையும் கூட்டிவராமல், கயிறு இல்லாமல், இன்னொருத்தன் அப்படி இறங்கியிருந்தால் நான் காதைப் பிடித்துத் திருகியிருப்பேனே, அந்தச் சரிவில் இறங்கினேன். பதினைந்து அடி போயிருப்பேன். இடுப்பு பூட்டிக்கொண்டது. மேலேயும் முடியவில்லை, கீழேயும் முடியவில்லை. கல்லில் உட்கார்ந்தேன், உட்கார்ந்தேன் என்று எழுதுகிறேன், விழுந்தேன் என்பதுதான் சரி. குரல் போகிறவரைக்கும் நீவெஸ் நீவெஸ் என்று கத்தினேன். அவளிடம் கடைசியாகச் சொன்னது அந்த வார்த்தைதானே, யாரு நிக்கிறாங்கன்னு பார்த்துக்கோ என்று. அதையே நினைத்துக்கொண்டு அங்கே கிடந்தேன்.

கோஸ்தெல்தான் வந்தான். இந்தக் கிழவன் திரும்பி வரவில்லையே என்று நாயோடு ஏறிவந்திருக்கிறான். தன் கம்பளி அங்கியைக் கழற்றி என்மேல் போட்டு, பிராந்தி கொடுத்து, சரிவில் கொஞ்ச தூரம் இறங்கித் தடத்தைப் பார்த்துவிட்டு வந்தான். “அம்மா கம்பு ஊனி ஊனி இறங்கியிருக்காங்க. விழுந்த தடம் இல்ல. கீழே புல்லுல ஏறி நேரா நடந்து போயிருக்காங்க. நான் பொய் சொல்ல மாட்டேன், என் ஆட்டுமேல சத்தியம்” என்றான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இதை நீ ஹானாவிடம் சொல்ல வேண்டாம்.

இனி அந்தப் பக்கம் நடந்ததைக் கேள். அம்மா பதினோரு மணிக்கே உச்சிக்கு வந்து, சாலை அறுந்திருப்பதைப் பார்த்திருக்கிறாள். புத்தியுள்ளவள் என்றால் வந்த வழியே திரும்பியிருக்க வேண்டும். அவள் திரும்பவில்லை, ஏன் தெரியுமா. நான் வில்லாரில் காத்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். வர மாட்டேன் என்று நான் தட்டை உடைத்துச் சொன்ன பிறகும், அவள் மனதில் நான் கிளம்பி வந்துதான் இருக்கிறேன். தான் வந்து சேராவிட்டால் இந்த மனுஷன் அந்த இடுப்போடு மேலே ஏற ஆரம்பித்துவிடுவான் என்று பயந்து, சைக்கிளை விட்டுவிட்டு, ஒரு கழியை ஊன்றிக்கொண்டு மூன்றரை மணி நேரம் நடந்தே இறங்கியிருக்கிறாள். என்னைத் தடுப்பதற்காக. இரண்டரை மணிக்கு வில்லார். நான் இல்லை. என் போனுக்கு ஆறு தடவை அடித்திருக்கிறாள், சமையலறையில் அது ஆறு தடவை அடித்திருக்கிறது. மலைச்சாலையில் சிக்னல் இருக்காது, வந்துகொண்டிருப்பான் என்று பேருந்து நிற்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஐந்தரை வரைக்கும். அப்புறம்தான் மனசு கேட்காமல் பியேராவைக் கூப்பிட்டாள். பியேரா, “உன் புருஷன் ரெண்டு மணிக்கே சியாஸ்தா பக்கம் வண்டியை எடுத்துட்டுப் போனான்டீ, நீ அங்கேயா இருக்கே” என்று கேட்டாளாம். அம்மாதான் முதலில் தேறி, மலை மீட்புக் குழுவைக் கூப்பிடு என்றாளாம்.

ஏழு மணிக்கு, வெளிச்சம் மங்குவதற்குள், ஜீப்பில் வந்துவிட்டார்கள். குழுத் தலைவன் யார் என்கிறாய், தாரியோ. நானும் அந்தக் குழுவில் இருந்த காலத்தில், அவன் பதினெட்டு வயதில் சேர்ந்தபோது கயிறு கட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். “மாமா, அசையாதீங்க. முடிச்சு உங்க முடிச்சுதான், அவுராது” என்றான். ஸ்ட்ரெச்சரில் கட்டி மேலே இழுத்தார்கள். நான் எத்தனை பேரைக் கட்டி இழுத்திருப்பேன், அப்போதெல்லாம் படுத்திருப்பவன் வானத்தைப் பார்த்துக்கொண்டு என்ன நினைப்பான் என்று யோசித்ததே இல்லை. வெட்கம், வேறொன்றுமில்லை. பனியில் புதைந்தவனை எடுத்துக் கொடுத்தபோது என்னைக் கும்பிட்ட ஊர், மறுநாள் காலை பெண்டாட்டியைத் தேடிப்போய்த் தானே தொலைந்துபோன எத்தோரே என்று பேசியது. பேசட்டும்.

அம்மாவை ஒரு பிரெஞ்சுக்காரர் தன் காரில் சுற்றிக்கொண்டுவந்து, என்னைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியில் விட்டார். அவள் என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று என் முகத்தைப் பார்த்தாள், ஷூவெல்லாம் சேறு. கத்துவாள் என்று காத்திருந்தேன், கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சரியாகப் போயிருக்கும். அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டு சாதாரணமாகச் சொன்னாள், “மூணு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன் எத்தோரே. வெள்ளைக் கார் வரும்போதெல்லாம் எழுந்து நின்னேன். அந்த ஊர்ல எத்தனை வெள்ளைக் கார் இருக்குன்னு உனக்குத் தெரியாது.” அவ்வளவுதான். அதன் பிறகு இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. வாய்வரை வருகிறது, அதற்குள் சூப்பில் உப்பு இல்லை என்று ஏதாவது சொல்லிவிடுகிறேன்.

இப்போது நிலைமை இது. ஆபரேஷன் அக்டோபர் இருபத்து நான்காம் தேதி. அதுவரை ஊன்றுகோல், படிக்கட்டு ஏறக் கூடாது, சமையலறைக்குப் பக்கத்து அறையில் கட்டில். ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதத்தில் நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளில் தினம் அரை மணி மிதிக்க வேண்டும் என்று டாக்டர் மஸ்ஸா சிரித்துக்கொண்டே சொன்னார், ஊரே சேர்ந்து என்னைச் சைக்கிளில் ஏற்றப் பார்க்கிறது. கோஸ்தெல் அவளுடைய சைக்கிளை ஒரு கீறல் இல்லாமல் கொண்டுவந்து கொட்டகையில் வைத்துவிட்டுப் போனான். அவள் அதைத் துடைத்து, எண்ணெய் போட்டு, துணி போட்டு மூடிவிட்டாள். நாட்காட்டியைத் திருப்பி மாட்டிவிட்டாள். ஒன்பதாவது கணவாய் கலியானா, அதுதான் பாக்கி, நடந்து போகும் பாதைதான், நாலு மணி நேரம். கேட்டால், “அடுத்த வருஷம் பார்த்துக்கலாம், நீ எழுந்து நடமாடு முதல்ல” என்கிறாள். பன்னிரண்டரை மணிக்கு எதிரே உட்கார்ந்து சூடாகச் சாப்பாடு போடுகிறாள். தினமும். மூன்று மாதம் எதைக் கேட்டு அலறினேனோ அது கிடைத்துவிட்டது. அவள் தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறாள், நான் அவளைப் பார்த்துச் சாப்பிடுகிறேன், ஜன்னல் பக்கம் அவள் திரும்புவதே இல்லை, திரும்பினால் கலியானா தெரியும். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை ஈவோ. திட்டித் திட்டி நான் நிறுத்த முடியாததை, விழுந்து கிடந்து நிறுத்திவிட்டேன். இது எனக்கு வேண்டாம்.

நான் போகச் சொன்னால் போக மாட்டாள். சொல்லிப் பார்த்தேன், முந்தாநாள், உருளைக்கிழங்கு உரிக்கும்போது. கலியானாவில் இப்போது புல் சிவந்திருக்கும் என்றேன். “காய்ச்சல் இருக்கா உனக்கு” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நீ சொன்னால் கேட்பாள், சைக்கிள் அனுப்பியவன் நீதானே, ஆரம்பித்தவனே முடித்துவை. இந்தக் கடிதம் உன் கைக்கு வர அக்டோபர் மூன்று நான்கு ஆகும், கிடைத்த அன்றைக்கே கூப்பிடு. அங்கே காலை என்றால் இங்கே ராத்திரி, கணக்குப் பார்த்துக் கூப்பிடு. பத்து பதினைந்து தேதிக்கு மேல் முகட்டில் பனி வந்துவிடும், அப்புறம் ஜூன்தான். அப்பாவைப் பியேரா பார்த்துக்கொள்வாள், ஒரு நாள்தானே, முடித்துவிடுங்கள் என்று சொல். நான் எழுதியதாகச் சொல்லாதே. எனக்கு இதைக் கேட்கவே எரிச்சலாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

இன்னொன்று. கலியானாவின் அந்தப் பக்கம் பாதை ப்ராத்தோ ஊரில் கல்பாலத்துக்குப் பக்கத்தில் வந்து இறங்குகிறது. நம் ஊரிலிருந்து அதுவரை காரில் நாற்பது நிமிஷம். ஒரு மணி நேரம்வரை காரில் உட்காரலாம் என்று டாக்டரிடம் கேட்டுவைத்திருக்கிறேன். பியேரா கடையை ஒரு நாள் அடைத்துவிட்டு நம் காரை ஓட்ட ஒத்துக்கொண்டாள், அதற்கு என்னை எவ்வளவு கிண்டல் செய்ய வேண்டுமோ அவ்வளவும் செய்துவிட்டாள். இதை மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடாதே. போன தடவை நான் இருப்பேன் என்று நம்பி இறங்கி வந்தவள். இந்தத் தடவை யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்து இறங்கட்டும்.

வேறு செய்தி ஒன்றுமில்லை. பாதிரியாருக்கு இப்போது மூன்று ஊர்ப் பூசை, நமக்கு மாதம் இரண்டு ஞாயிறுதான். காட்டில் பொறுக்கும் கஷ்கொட்டை விளைச்சல் இந்த வருஷம் சுமார். ஆற்றங்கரையில் வீடு வாங்கப் போவதாகச் சொன்னாய், வாங்குவதற்கு முன் மழைக்காலத்தில் ஒரு முறை போய்ப் பார், தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்து வீட்டுக் கிழவர்களைக் கேள், விற்கிறவனைக் கேட்காதே. எலியோ ஓடி விளையாடும்போது ஷூ லேஸ் அவிழ்ந்திருக்கிறது, நீ அனுப்பிய மூன்று போட்டோவிலும் அப்படித்தான் இருக்கிறது, பார்த்துக் கட்டிவிடு. ஹானாவுக்கு என் அன்பைச் சொல். கடவுள் உங்கள் மூன்று பேரையும் உடம்பிலும் மனதிலும் குறையில்லாமல் வைத்திருக்கட்டும், ஒருவரை ஒருவர் விட்டுவிடாமல் இருங்கள், அதுதான் என் ஆசி. படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு, அம்மா என்றைக்காவது அங்கே வந்தால் எந்த இழுப்பறையில் வைத்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். மறந்துவிடாதே, கிடைத்த அன்றைக்கே கூப்பிடு.

என்றும் உன் நலம் நினைக்கும் அப்பா,
எத்தோரே